இரண்டு பேரும் நித்திரை கொண்ட மத்தியானம்

மகன்,

நீயும் வதனியும் வீட்டை விட்டுப் போய் இன்றைக்குப் பன்னிரண்டு நாள். படகு தாய்லாந்துக் கரையை விட்டு ஐந்து நாள். நான் நல்ல சுகம். அப்பாவும் சுகம், அவருடைய பிரஷர் மட்டும் வழமைபோலத் தனக்கு விருப்பமான நாளில் ஏறி, விருப்பமான நாளில் இறங்குகிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் இந்த முறை எனக்கு அது தெரியும். நான்கு வருடமாக நீங்கள் கடலில் நிற்கும் போதெல்லாம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள், இப்போது வயிறாரச் சாப்பிடுகிறேன், படுத்தால் நித்திரை வருகிறது. இதை அப்பா எங்கள் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டு எனக்கு மட்டும் நிம்மதி என்றால் அது சரியில்லை. சாவகச்சேரியிலிருந்து வதனியின் அம்மா, உன் மாமி, வாடகை வான் பிடித்துக்கொண்டு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. அன்றைக்கும் அடுத்த நாளும் நீ வதனிக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ கோபித்தது பிழையான ஆளோடு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் சுற்றிவளைப்பு, எனக்கு எதையும் நேரே சொல்லிப் பழக்கமில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் இப்போது உனக்கு வராது. தென்னாபிரிக்காவில் படகைக் கட்டி, படகின் சொந்தக்காரரிடம் அதன் திறப்பைக் கொடுத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்து எழும்பிய பிறகுதான் இதை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். நடுக்கடலில் இதை வாசித்துவிட்டு நீ என்னோடு கோபித்தாலும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பது அவளுக்கு முன்னால்தானே. அந்தப் பாவத்தை இரண்டாம் தரமும் நான் செய்யக்கூடாது.

ஊரில் யாராவது மகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் முன்பெல்லாம் கப்பலில் எஞ்ஜினியர் என்பேன், அதோடு கதை முடிந்துவிடும். நீ அந்த வேலையை விட்டு, வதனியைக் கலியாணம் முடித்து, இரண்டு பேருமாக வெளிநாட்டுக்காரரின் பாய்ப்படகுகளை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைத் தொடங்கிய பிறகு எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. சொந்தக்காரர் விமானத்தில் போய் இறங்குவார், இவர்கள் அவருடைய படகைக் காற்றிலே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று ஒருநாள் சங்கக்கடையில் விளக்கப்படுத்தினேன். அப்படியென்றால் அவருக்கு எதற்குப் படகு என்று கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். எங்கள் முற்றத்தின் பாதிகூட இல்லாத ஒன்றுக்குள் முப்பது நாள், நாற்பது நாள், இரண்டே இரண்டு பேர். வதனி பெரிய கப்பலில் திசை பார்க்கும் உத்தியோகம் செய்தவள் என்பது கலியாணம் பேசும்போதே தெரியும். ஆனால் படகில் அவள்தான் கப்டன், நீ அவளுக்குக் கீழே என்று தெரிந்த நாள் நான் அப்பாவோடும் கதைக்கவில்லை. ஏதோ அவர்தான் அந்தப் பதவியை அவளுக்குக் கொடுத்தவர் மாதிரி.

சித்திரை முடிவில் இரண்டு பைகளோடு வந்து இறங்கினீர்கள். ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள், நிற்போம் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் கிழமை உங்களுக்குச் சமைத்துப் போடுவதிலேயே போய்விட்டது. இரண்டாம் கிழமைதான் கண்ணில் பட்டது. நீ படுத்திருந்தால் அவள் எழும்பி நிற்பாள். அவள் படுத்தால் நீ விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கேற்றைப் பார்த்தபடி இருப்பாய். பகலிலும் அப்படி, இரவிலும் அப்படி. காலையில் தேத்தண்ணி ஊற்ற நான் எழும்பினால் ஒருவர் குசினியில் நிற்பார், மற்றவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார். அடுத்த நாள் ஆள் மாறி நிற்பார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் படுத்ததை நான் காணவே இல்லை. சாப்பாடும் அப்படித்தான், ஒருவர் கை கழுவும்போது மற்றவர் கோப்பையை எடுப்பார். கீரிமலைக்குப் போய் முழுகிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் ஆளுக்கொரு நாள் தனித்தனியாகப் போய் வந்தீர்கள். புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் போகிற இடத்துக்கு நீ செவ்வாய்க்கிழமை போனாய், அவள் புதன்கிழமை போனாள்.

கதையும் அப்படித்தான் இருந்தது. "மோட்டரை நிப்பாட்டு" என்பாள், மரியாதைக்கு ஒரு 'உங்கோ' கூடப் போடாமல். நீ "மோட்டர் நிப்பாட்டியாச்சு" என்பாய். அவள் உடனே "நிப்பாட்டியாச்சு" என்று திரும்பச் சொல்வாள். அவ்வளவுதான். ஒரு சிரிப்பில்லை, ஒரு செல்லமில்லை. முதலில் நீ அவளை நக்கலடிக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு, இல்லை, இது கோபத்தில் அளந்து கதைக்கிற கதை என்று முடிவெடுத்தேன். நானும் அப்பாவும் கோபமாக இருந்த காலங்களில் சாப்பாடு வைத்தாயிற்று, சாப்பிட்டாயிற்று என்ற அளவில்தான் கதைத்திருக்கிறோம். அந்த அனுபவம் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அந்தக் கொப்பி. குசினி மேசையில் சீனி டின்னுக்குப் பக்கத்தில் நீலமட்டைக் கொப்பி ஒன்று எப்போதும் கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் கணிதக் கொப்பி திருத்தியவள் நான். திறந்து கிடக்கிற கொப்பியைத் தாண்டிப் போக எனக்குக் கால் வராது. அது பிழைதான், ஓம், பிழைதான். ஆனால் வாசித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் உன் எழுத்து: இரண்டு முதல் ஆறு, அமைதி, தண்ணீர்த் தொட்டி நிரப்பியாச்சு, எழுப்ப வேண்டாம். கீழே அவளுடைய எழுத்து: ஆறு முதல் பத்து, மாமா பிரஷர்க் குளிசை போட்டிட்டார், மாமி இரண்டு தரம் கேட்டா, ஒண்டும் சொல்லேல்லை, எழுப்ப வேண்டாம். பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம். ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு வாயால் கதைக்காமல் எழுதி வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது, என்னிடம் ஒன்றும் சொல்லக்கூடாது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் இரண்டு தரம் கேட்டது எப்போது திரும்பப் போகிறீர்கள் என்பதைத்தான். திகதி சரியாகத் தெரிந்த பிறகு இரண்டு பேருமாகச் சொல்ல இருந்தீர்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி எழுதப்போவதை எழுதுவதற்கு இரண்டு நாள் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். உங்கள் கலியாணம் சரியில்லை என்று நினைத்தபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோசம். கவலை பின்னால்தான் வந்தது. இவர்களுக்குள் முறிந்தால் இந்தப் படகு வேலையும் முறியும், மகன் கரையில் நிற்பான், ஒரு தொழிற்கல்லூரியில் படிப்பிப்பான், பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருவான் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது. ஒரு தாய் இப்படி நினைப்பாளா என்று நீ கேட்கலாம். நான் நினைத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு, மிக அமைதியாக நினைத்தேன்.

கடலிலிருந்து உன்னைப் பிரிக்க நான் செய்த முதல் வேலையும் இது இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தால் கீரிமலைக்குக் கூட்டிப்போன அன்றைக்கு நீ கேணியை விட்டுக் கடலில் இறங்கிக் கழுத்தளவுக்குப் போய்விட்டாய் என்று உன் வகுப்பாசிரியர் வந்து சொன்னார். அடுத்த நாள் நான் உன்னைக் கூப்பிட்டு, உன் சாதகத்தில் தண்ணீரில் கண்டம் இருக்கிறது, இருபது வயது மட்டும் கிணற்றடியிலும் கவனம் என்று சொன்னேன். நீ பயந்துபோய் ஆறு வருடம் கேணியிலும் இறங்கவில்லை. உன்னோடு படித்தவர்கள் எல்லாம் நீந்தும்போது நீ படியில் இருந்து அவர்களுடைய உடுப்பைக் காவல் காத்தாய். அது பொய் மகன். உன் சாதகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. உன் சாதகத்தைப் பார்த்த சாத்திரியார் சொன்னது, பிள்ளை தூர தேசம் போகும், நல்லாக இருக்கும் என்பதுதான். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

கத்தரிக்காய் வெட்டியபோது வந்த அந்த நினைப்போடு அடுத்த நாள் காலை சாவகச்சேரிக்குப் போன் எடுத்தேன். பிள்ளைகளுக்குள் ஏதோ சரியில்லை, முகம் பார்த்துக் கதைக்கிறார்கள் இல்லை, வதனியைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டுபோய் வைத்திருங்கள் என்று உன் மாமியிடம் சொன்னேன். எல்லாம் உங்கள் நன்மைக்கு என்று எனக்கே ஒரு சமாதானம். ஆனால் படகுக்காரர் இரண்டு பேரைத்தான் கேட்டிருக்கிறார், ஒருவர் தனியாகப் போக முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சாவகச்சேரியில் ஒரு மாதம் நின்றால் இந்தப் பயணம் வேறு யாருக்கோ போய்விடும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போன் எடுத்தேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு உன் மாமியும் அவருடைய மச்சாளும் ஒரு பெட்டி மாம்பழத்தோடும் வீங்கின கண்ணோடும் வந்து இறங்கினார்கள். நீ சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தாய். வதனி ஆறு மணிக்குத்தான் படுத்தவள். நான் போய்க் கதவைத் தட்டி, தோளில் தொட்டு எழுப்பினேன். அவள் துள்ளி எழும்பிய விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கண் முழுக்கத் திறக்க முந்தி, நிலத்தில் கால் வைக்க முந்தி, "அவர் எங்கை?" என்று கேட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். புருஷனோடு கோபத்தில் இருக்கிற பெண் நித்திரை முறிந்தவுடன் அப்படிக் கேட்க மாட்டாள்.

வெளியே வந்தவளிடம் உன் மாமி அழுதுகொண்டே, ரீச்சர் எல்லாம் சொல்லிவிட்டா, உடுப்பை எடு, வீட்டுக்குப் போவோம் என்றா. வதனி என்னைப் பார்த்தாள். நான் மாம்பழப் பெட்டியைப் பார்த்தேன். அவள் கெட்டிக்காரி, ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பிரச்சினையும் இல்லை, இது படகுப் பழக்கம், ரீச்சர் மாமி எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டா போல என்று தாயைச் சமாதானப்படுத்தினாள். மாமியின் மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் விறாந்தைத் தூணோடு தூணாகிவிட்டேன். அதற்குள் கேற் திறந்த சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு நீ வந்து நின்று, எல்லாரும் ஏன் திடீரென்று வந்தீர்கள் என்று கேட்டாய். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உன் கையிலிருந்த ஒரு பையை வாங்கினேன். அப்போதுதான் வதனி, "நான்தான் அம்மாவை வரச் சொன்னனான். பாக்கவேணும் போலை கிடந்தது" என்றாள்.

உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அடுத்த கிழமை சாவகச்சேரிக்குப் போவோம், அதுவரை ஒருவரையும் கூப்பிடாமல் ஓய்வாக இருப்போம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தீர்களாம். படகில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் ஒரு கயிற்றைக்கூடத் தளர்த்துவதில்லை என்று பிறகு அறிந்தேன். அவள் உனக்குச் சொல்லாமல் ஒன்றைச் செய்தாள் என்பது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. வான் போன பிறகு நீ அவளிடம், எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாய். பிறகு இரண்டு நாள் கொப்பியில்கூட ஒன்றும் எழுதவில்லை. நான் அந்த இரண்டு நாளும் பக்கத்து அறையில் இருந்தேன், வாயை மூடிக்கொண்டு.

இரண்டாம் நாள் பின்னேரம் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஏன் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கத்தியை வைக்காமலே சொன்னாள்: "என்னிலை கோவிச்சால் நாலு மணித்தியாலத்திலை நான் அவரை எழுப்பத்தானே வேணும் மாமி. எழுப்பினால் கதைக்கத்தானே வேணும். உங்களிலை கோவிச்சுக்கொண்டு போனார் எண்டால் ஒரு வருசத்துக்கு ஆர் எழுப்புறது?"

எனக்கு வெங்காயம் உதவி செய்தது. அழுவதற்கு வேறு காரணம் சொல்லத் தேவைப்படவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதென்ன பிள்ளை அந்த எழுப்பிற கதை, ஏன் இரண்டு பேரும் மாறி மாறிப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு கிழமைக்கு முன்னம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் வானும் வந்திருக்காது, மாம்பழமும் வந்திருக்காது.

"கடலிலை நாங்கள் ரெண்டு பேர்தான் மாமி" என்றாள். "ஒராள் படுத்தால் மற்றாள் முழிச்சிருக்கவேணும். கப்பல் வருதோ, காத்து கூடுதோ எண்டு பாக்கவேணும். நான் கண்ணை மூடுறது அவர் முழிச்சிருக்கிறார் எண்ட நம்பிக்கையிலைதான். கரைக்கு வந்தாலும் ஒரு மாசத்துக்கு உடம்புக்கு அது விளங்காது. ரெண்டு பேரும் ஒண்டாப் படுத்தால், ஆர் பாக்கிறது எண்டு மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரெண்டு பேருக்கும் நித்திரை வராது." கொப்பியும் அதற்குத்தான். எழும்புகிறவருக்கு, படுக்கப் போகிறவர் விட்டுவிட்டுப் போகிற சேதி. எழுப்ப வேண்டாம் என்றால் ஒன்றும் பயமில்லை, நல்லாக நித்திரை கொள்ளட்டும் என்று அர்த்தமாம். சொன்னதைத் திரும்பச் சொல்வது காற்றுச் சத்தத்தில் பிழையாக விளங்கிவிடக்கூடாது என்பதற்காம். ஒருவர் வெளியே போனால் மற்றவர் வீட்டில் நிற்பது, படகைத் தனியே விடக்கூடாது என்ற பழக்கமாம். நான் பக்கம் பக்கமாக வாசித்துப் பிழை போட்டதெல்லாம் சரியான விடைகள். இத்தனை வருடம் திருத்தியதில் நான் இப்படி ஒரு கொப்பியைப் பிழையாகத் திருத்தியதில்லை.

அப்போதுதான் நான் சொன்னேன், நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுங்கோ, நான் பார்க்கிறேன் என்று. அவள் சிரித்தாள். இல்லை பிள்ளை, பகிடி இல்லை, ஒரு மணியிலிருந்து ஐந்து மணி மட்டும் நான் விறாந்தையில் இருப்பேன், எது வந்தாலும் நான் பார்ப்பேன் என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எதற்கும் எழுப்ப மாட்டீர்களா என்று கேட்டாள். வீடு நெருப்புப் பத்தினால் எழுப்புவேன், மற்றதுக்கு எழுப்ப மாட்டேன் என்றேன். அன்றைக்கு இரவு உன்னை அவள்தான் சமாதானப்படுத்தினாள். என்ன சொல்லிச் சமாதானப்படுத்தினாள் என்று எனக்குத் தெரியாது; என் பெயரை மட்டும் சொல்லவில்லை என்பது காலையில் உன் முகத்தில் தெரிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ நித்திரை. ஒரு மணிக்கு அறைக் கதவு சாத்தியது. நான் கேற்றைப் பூட்டி, போனை மௌனமாக்கி, கதிரையைப் போட்டு இருந்தேன். அப்பாவின் ரேடியோவைப் பறித்து அலுமாரிக்குள் வைத்தேன். ஒன்றரைக்கு மீன்காரர் ஹோன் அடித்துக்கொண்டு வந்தார். ஒழுங்கை முடக்குக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தி, பிள்ளைகள் படுக்கிறார்கள் என்றேன். எத்தனை வயது என்று கேட்டார். ஒன்றுக்கு முப்பத்தொன்று, மற்றதுக்கு இருபத்தொன்பது என்றேன். மூன்றரைக்குப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. பாட்டை நிறுத்தினால் கிடக்கிற மீன் வைத்த மாலுப் பணிஸ் எல்லாவற்றையும் நான் வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கிவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டில் ஏன் பதினெட்டு மாலுப் பணிஸ் கிடந்தது என்று நீ கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் இதுதான். இரண்டு தரம் மெல்லப்போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு பேரின் மூச்சும் கேட்டது. நீ உன் அப்பா மாதிரியே குறட்டை விடுகிறாய். அவளும் விடுகிறாள், இதை அவளிடம் சொல்லாதே.

நாலு மணிபோல அப்பா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு, "இடம்பெயர்ந்து தென்மராட்சியிலை பள்ளிக்கூடத்துக்குள்ளை கிடக்கேக்கை, நாங்களும் இப்பிடித்தானே" என்றார். நீ அப்போது எட்டு மாதக் குழந்தை. மூச்சிழுப்பு. ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். நான் படுத்தால் அவர் உன்னை நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருப்பார், அவர் படுத்தால் நான். நாலு மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கண் மூடவில்லை. கதையும் குறைவுதான்: மருந்து கொடுத்தாச்சு, பால் குடிச்சிட்டான், எழுப்பாதையும். அந்த நாலு மாதத்தைவிட நாங்கள் நெருக்கமாக இருந்த காலம் எங்கள் வாழ்க்கையில் இல்லை. நான் அதை எப்படி மறந்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. கோபத்தில் குறைத்துக் கதைத்த காலங்கள் எல்லாம் நினைவில் நின்றன, இது மட்டும் நிற்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று இருந்தால், வயது போகும்போது அந்த மாதிரிக் காலங்களையும் சேர்த்து நினைவில் வைத்திருங்கள் என்பதுதான்.

ஐந்தேகாலுக்கு நீ தலை கலைந்து வெளியே வந்து, வதனி எங்கே என்று கேட்டாய். உள்ளே, நித்திரை என்றேன். நீ ஒன்றும் விளங்காமல் திரும்பி அறைக்குள் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அதன் பிறகு நீங்கள் நின்ற மூன்று கிழமையும் மத்தியானக் காவல் என்னுடையது. கடைசிக் கிழமையில் இரவிலும் இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்தீர்கள். காலை ஏழரைக்கு ஒருவரும் எழும்பாமல் கிடந்தபோது தேத்தண்ணி ஆறிப்போனதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

போவதற்கு முதல்நாள் நடந்ததும் உனக்குப் பாதிதான் தெரியும். படகிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியப்புறம் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு சிறு சேதி கரையில் இருக்கிற ஒருவருக்குப் போகும், இரண்டு நாள் சேதி வராவிட்டால் அந்த ஆள்தான் உதவிக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். நான்கு வருடமாக அந்த ஆள் நியூசிலாந்தில் இருக்கிற உங்கள் நண்பர். இந்த முறை என் பெயரைக் கொடுப்போம் என்று வதனி சொன்னபோது, அம்மா பயப்படுவா என்று நீ சொன்னது குசினி வரை கேட்டது. அதற்கு அவள் மெல்லச் சொன்ன பதிலை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை: "பயப்பிடுற ஆள்தான் வேணும். பயமில்லாத ஆள் மறந்துபோவார்." நான் அவளுக்குச் செய்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, உங்கள் இரண்டு பேரின் உயிரையும் என் போனுக்குள் வைத்துவிட்டுப் போனாள். இன்று காலை ஆறு மணிக்குச் சேதி வந்தது. கிடைத்தது என்று திருப்பி அனுப்பினேன். நான் முன்பு பயந்ததெல்லாம் ஒன்றும் தெரியாமல் பயந்தது. இப்போது தெரிந்துகொண்டு பயப்படுகிறேன், அது எவ்வளவோ சுகம்.

இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அந்த வானை வரவழைத்தது நான். உங்கள் பயணத்தைக் கெடுக்க நினைத்தது நான். நீ பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளையும் அவள் என் இடத்தில் நின்று வாங்கினாள். இந்தக் கடிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லவே வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் கேட்டவள். நான் சத்தியம் பண்ணவில்லை, வெங்காயத்தோலைப் பொறுக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். நீ இதை வாசித்து முடித்தவுடன் அவளிடம் போ. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. அவளுக்கு 'உங்கோ' போட்டுச் சொன்னாலும் குற்றமில்லை.

என்னோடு உனக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் போனில் கோபிக்காதே, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. எழுத்திலும் கோபிக்காதே, உன் கையெழுத்து எனக்கு விளங்காது. அவளையும் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து கோபி. கோபம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நாள் நின்று கோபி.

அம்மா
உடுவில்